மூன்றாவது கீறல்

பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலையில் சிவகலா பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். கடிகாரத்துக்குள் வைக்கிற, எள்ளை விடச் சின்னக் கல்லை, உதட்டில் நனைத்த குச்சிநுனியால் ஒற்றி எடுப்பாள். அது கூடாதுதான், ஆனால் மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் திரும்பினால் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். ஆட்குறைப்பில் வேலை போனபிறகு, அந்தக் கைக்காகவே ஒரு ஆய்வுகூடம் அவளைக் கூப்பிட்டது.

ஈராக்கில் அணை வற்றியபோது தோண்டியெடுத்த, ஹூரியர் என்ற பழைய இனத்தாரின் நகரத்துக் களிமண் பலகைகள் அங்கே இரவலாக வந்திருந்தன. கீறல் கீறலாகப் பதித்த, மூவாயிரம் வருடத்துக்கு முந்திய எழுத்து, சுடாத மண். அதில் படிந்த உப்பைக் குச்சியால் உதிர்ப்பது அவள் வேலை. ஆய்வுகூடத்தை நடத்திய பேராசிரியை போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: ஈரம் படக்கூடாது.

செவ்வாய் மதியம் உப்பு உதிர்ந்து புது வரி ஒன்று தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில் பாழாய்ப்போன கை குச்சியை உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. தொட்ட இடம் குழைந்து, ஒரு எழுத்து இல்லாமற்போனது. படமும் இன்னும் எடுக்கவில்லை.

நடைபாதையில் நின்று கணவன் தயாபரனுக்கு அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு. அழிஞ்ச எழுத்தில ரெண்டு கீறலோ மூண்டோ எண்டு தெரியேல்லை."

"ஈரம் காயமுன்னம் மூண்டாப் போட்டுவிடும். ஆருக்குத் தெரியப்போகுது? தெரியாது எண்டு மட்டும் சொல்லிப்போடாதையும்."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதி விசாரணையில் தேதி ஒன்று சரியாக நினைவில்லை என்று அவள் உண்மையைச் சொன்னாள். அதற்கு வந்தது நிராகரிப்புக் கடிதம். மேன்முறையீட்டில் எல்லாத் தேதியையும் அடித்துச் சொன்னாள், விசா கிடைத்தது. அன்றிலிருந்து எந்த அதிகாரி கேட்டாலும் அவள் வாயில் 'நிச்சயம்' என்பதுதான்.

மேசைக்குத் திரும்பிக் குச்சியை எடுத்தாள். மண் இன்னும் ஈரம். ஒரு அழுத்து, அவ்வளவுதான். ஆனால் இந்த எழுத்தைப் பார்த்த ஆள் இன்று உலகத்தில் தான் ஒருத்தியே என்ற நினைப்பு அவளை உலுக்கிவிட்டது. பொய்யாகப் போட்டால் அந்தப் பொய்தான் நிற்கும்.

குச்சியை வைத்துவிட்டுப் பேராசிரியையின் கதவைத் தட்டினாள். நடந்ததைச் சொல்லி, இரண்டு கீறல் வரைந்து காட்டினாள்.

பேராசிரியையின் முகம் வெளுத்தது. "மூன்றாவது இருந்ததா? நிச்சயமாகச் சொல்லுங்கள்."

'நிச்சயம்' என்ற சொல் சிவகலாவின் வாய்வரை வந்தது.

"தெரியாது" என்றாள்.

பேராசிரியை அந்த இரண்டு கீறலைக் குறிப்பேட்டில் வரைந்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். கீழே எழுதினார்: 'பார்த்தவர், சிவகலா தயாபரன்.'

"நாளைக்கு வாயை மறைத்து முகமூடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்" என்றார்.