பாண்டிமீனா படிக்காத இரண்டு நாள்

பாண்டிமீனா என் தம்பி அழகுமலையின் பெண்சாதி. மேலூர்ப் பக்கத்துப் பெண். நர்சு வேலைக்குப் படித்தவள். ஆரப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வாழ வந்து எட்டு வருஷம் ஆகிறது. நான் அவளுக்கு நாத்தனார். மதினி என்று கூப்பிடுவாள். என் பெயர் இருளாயி. அஞ்சாப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டேன். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. கிரைண்டரில் இட்லி மாவு ஆட்டி விற்கிறேன். பாண்டிமீனாவைப் பற்றி நல்லதாக எழுத நிறைய இருக்கிறது. எதை எழுத உட்கார்ந்தாலும் நான் அவளுக்குச் செய்தது முன்னால் வந்து நிற்கிறது. அதனால் அதையே எழுதிவிடுகிறேன்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நைட் டூட்டி. சாயங்காலம் ஏழரைக்குப் போனால் காலையில் எட்டரைக்கு வருவாள். வந்ததும் மகள் சத்யப்ரியாவுக்குத் தலை பின்னி, டிபன் கட்டி, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுத்தான் தன் முகத்தைக் கழுவுவாள். ஆஸ்பத்திரியில் எல்லாரும் பயப்படுகிற வேலையை அவள்தான் செய்வாளாம். ஊசி போட நரம்பு கிடைக்காத கிழவர்களுக்கு அவளைத்தான் கூப்பிடுவார்களாம். ஆனாலும் கையில் வருகிற சம்பளம் வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்குமே சரியாகப் போய்விடும்.

கூட வேலை பார்த்த ஸ்ரீலட்சுமி என்ற சௌராஷ்டிராப் பிள்ளை துபாய்ப் பக்கம் போவதற்கான லைசென்ஸ் பரீட்சை எழுதி பாஸாகியிருந்தாள். அந்தப் பரீட்சையில் தேறினால்தான் அங்கே நர்சாக வேலை பார்க்க விடுவார்கள். அவளையும் சேர்த்து மதுரை நர்சுகள் எட்டுப் பேரை ஒரே ஆஸ்பத்திரிக்கு எடுத்திருந்தார்கள். ஒன்பதாவது இடம் ஒன்று பாக்கி இருந்தது. "நீ பாஸ் பண்ணிட்டு வா பாண்டி, எல்லாரும் ஒரே வீட்ல இருப்போம்" என்று சொல்லி, தான் படித்த ஜெராக்ஸ் தாள்களை ஃபைல் போட்டுக் கொடுத்தாள். கோச்சிங் சேர இவளுக்கு வசதியில்லை. அந்த ஃபைலும், ஓரம் விரிசல் விட்ட செல்போனும்தான் அவளுடைய பள்ளிக்கூடம்.

காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை படிப்பாள். அந்நேரம் நான் அரிசி களைந்துகொண்டிருப்பேன். கேள்வியெல்லாம் இங்கிலீசு. எனக்கு ஏ, பி, சி, டி தெரியும், நம்பரும் தெரியும். அது போதும் என்பாள். பதில் தாளை என் கையில் கொடுத்துவிட்டு, கேள்வியைத் தானே படித்து, "இருபத்தேழு, சி" என்பாள். நான் தாளைப் பார்ப்பேன்.

"பி போட்டிருக்கு தாயி."

"இருக்காது மதினி. நல்லாப் பாருங்க, வரி மாறிப் பாத்திருப்பீங்க."

"எனக்கா வரி மாறும்? அரிசிக் கையோட தொட்டும் எழுத்து அழியலை. பி தான்."

"சரி, பி. அய்யோ, ஆமா, சிறுநீரகம்." தலையில் தட்டிக்கொள்வாள்.

அழகுமலை ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சாப்பிட வருகிறபோது எங்களைப் பார்த்துச் சிரிப்பான். "என்னக்கா, ரெண்டு பேரும் கலெக்டர் பரீட்சைக்குப் போறீகளா? எங்கக்கா பாஸாயிருவா, இவளைத்தான் சொல்ல முடியாது."

நான் பெருமையாகத்தான் இருந்தேன். அதையும் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமைதோறும் கோயிலுக்குப் போய் அவள் பேருக்கு அர்ச்சனை வைத்தேன். அதில் பொய்யில்லை.

ஒருநாள் மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது அவளும் தம்பியும் பேசுவது காதில் விழுந்தது. "போய் ஒரு வருஷந்தாங்க. வீடு எடுத்துட்டு உங்களையும் பாப்பாவையும் கூப்புட்டுக்கிருவேன். அங்கயும் வண்டி ஓட்டலாம்" என்றாள். தம்பி, "அம்புட்டுத் தூரமா?" என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. என் பேர் அந்தப் பேச்சில் வரவில்லை. வேண்டுமென்று விட்டிருக்க மாட்டாள், பேச்சு அதுவரை போகவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அன்றைக்கு சத்யப்ரியா "அத்தை, அத்தை" என்று காலைக் கட்டுகிற இந்த வீட்டில் நான் ஒருத்தி மட்டும் கிரைண்டரோடு இருக்கிறதாக நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகும் பதில் தாளைப் பிடித்தேன், அர்ச்சனையும் வைத்தேன். ஆனால் சாமியிடம் என்ன கேட்டேன் என்பது எனக்கே சரியாகத் தெரியவில்லை.

பரீட்சை சென்னையில். வெள்ளிக்கிழமை காலை. அதற்கு முந்தின இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் லீவு கேட்டு வாங்கியிருந்தாள். ஆறு இரவு ஓயாமல் வேலை பார்த்துப் பதிலுக்கு வாங்கிய லீவு. கணக்குப் பாடத்தை அந்த இரண்டு நாளுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தாள். குளுக்கோஸ் பாட்டில் எத்தனை மணி நேரத்தில் ஏற வேண்டும், அப்படியானால் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு, குழந்தையின் எடைக்கு மருந்து எவ்வளவு, இப்படியெல்லாம். "கணக்கு மட்டும் தூக்கக் கலக்கத்துல ஏற மாட்டேங்குது மதினி. அந்த ரெண்டு நாள்ல போட்டுப் பாத்துக்கிருவேன்" என்று என்னிடமே சொன்னாள்.

அந்த இரண்டு நாள் சரஸ்வதி பூசையும் விஜயதசமியுமாக அமைந்தன.

புதன்கிழமை காலையில் வீடு மெழுகி, கோலம் போட்டு, மணைப் பலகையில் பட்டுத்துணி விரித்தேன். சத்யப்ரியாவின் புத்தகங்களை அடுக்கினேன். பாண்டிமீனா குளிக்கப் போயிருந்தாள். அவளுடைய ஃபைலையும், கணக்குப் போட வைத்திருந்த நோட்டையும் எடுத்து மேலே வைத்தேன். பாடம் அதில்தானே வருகிறது என்று செல்போனையும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் இட்டுப் பூப்போட்டேன். ஆட்டோவுக்குத் தம்பி வாழைக்கன்று கட்டினான். என் கிரைண்டருக்கும் மூணு பொட்டு வைத்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் பலகையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"மதினி, ஃபைலை வச்சுட்டீங்களா?"

"ஆமா தாயி. பரீட்சைக்குப் போற புத்தகந்தான் மொதல்ல அம்மா பாதத்துல இருக்கணும்."

"பூசை முடிஞ்சதும் எடுத்துக்கிரட்டுமா?"

"பூசையில வச்சத அன்னைக்கே எடுக்கலாமா? நாளைக்கு மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும். படிச்சவ நீ, ஒனக்குத் தெரியாதா?"

"நாளன்னிக்குப் பரீட்சை மதினி. கணக்கு இன்னும் தொடவே இல்ல." சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தாள். "எங்க ஆஸ்பத்திரியில கத்திரிக்கோலுக்கெல்லாம் பொட்டு வைப்போம். பிரசவ கேஸு வந்தா, கழுவிட்டு எடுத்துருவோம். சாமி ஒண்ணும் சொன்னதில்ல."

"அது உசுரு. இது ஒன் ஆசை. ஆசைக்காக அம்மா மேல இருக்கறத இழுக்காத. அப்புறம் ஒனக்கு ஒண்ணுன்னா எம்மனசு தாங்காது."

அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் பொரியை வாயில் போட்டுக்கொண்டு, "அக்கா சொன்னா கேளு. ஒரு நாள்தான? பாஸாகுறவளுக்கு அதெல்லாம் கணக்கா?" என்றான்.

நான் சூடம் காட்டும்போது கண்ணை மூடிக் கும்பிட்டாள்.

சாயங்காலம் நாலு மணிக்குத் தெருவில் அஞ்சாறு பேர் வந்தார்கள். வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கிறது, விடிந்தால் இட்லி அவிக்க வேண்டும், மாவு கிடைக்குமா என்றார்கள். பண்டிகை நாளில் அப்படி யாவாரம் வராது. அரிசி ஊறித்தான் இருந்தது. கிரைண்டரில் வைத்த பொட்டை ஈரத்துணியால் துடைத்தேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு சுவிட்சைப் போட்டேன்.

சத்தம் கேட்டு பாண்டிமீனா உள்ளேயிருந்து வந்தாள். கல் சுற்றுவதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் உளுந்தை அள்ளுவது மாதிரிக் குனிந்துகொண்டேன். அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் ஃபைலை எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று பிறகு பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மைதானா என்று தெரியவில்லை. அவள் கேட்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து பாக்கெட்டில் மாவை அள்ளி ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தாள். மாவு பட்ட அந்தக் கையில் நோட்டு இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் ஆறு மணிக்கே குளித்துவிட்டுப் பலகை முன்னால் வந்து உட்கார்ந்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன். நல்ல நேரம் பத்தே முக்காலுக்குத்தான் போட்டிருந்தது. பத்தே முக்கால் வரை விடவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. அப்படியே உட்கார்ந்து விரலால் தரையில் ஏதோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். பூசை போட்டு எடுத்துக் கொடுக்கும்போது மணி பதினொன்று. பண்டிகைக் கூட்டத்துக்குப் பயந்து ஒரு மணி பஸ்ஸுக்குப் பதிந்திருந்தாள். பஸ்ஸில் வாசித்தால் தலை சுற்றும் அவளுக்கு. ஃபைலை மடியில் வைத்துக்கொண்டே போனாளாம்.

கம்ப்யூட்டரில் எழுதுகிற பரீட்சை, முடிவு அன்றைக்கே தெரிந்து போன் வந்தது. தம்பிதான் எடுத்தான். "சரி, விடு. வா, பாத்துக்கலாம்" என்றான். அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஊருக்கு வந்த பிறகு அவளிடம் எப்படி என்று கேட்டேன். "மத்ததெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு மதினி. கணக்கு நெறையக் கேட்டுட்டாங்க. கொஞ்சத்துல போயிருச்சு" என்றாள். அன்று சாயங்காலமே டூட்டிக்குக் கிளம்பிப் போனாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைச் சீட்டு வாங்கவில்லை. அம்மன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் யாவாரத்துக்கென்றால் பொட்டைத் துடைத்துவிட்டுக் கல்லை ஓட்டுகிறவள், அவள் பிழைப்புக்கென்றால் அம்மா கோபிப்பாள் என்று சொல்லியிருக்கிறேன். அறியாமையால் செய்தேன் என்றால் மன்னிப்பு உண்டு. சாமிக்குப் பயந்து செய்தேன் என்றாலும் உண்டு. நான் செய்தது அந்த இரண்டும் இல்லை. அவள் போகக் கூடாது என்று நினைத்தேன். அதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சாமியை முன்னால் நிறுத்தினேன்.

பத்துப் பதினைந்து நாள் அதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். ஒரு காலையில் அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பாண்டிமீனா, அன்னைக்கு நான் ஃபைலைக் குடுக்காதது சாமிக்காக இல்ல."

"தெரியும் மதினி."

"என்ன தெரியும்?"

"கிரைண்டர் ஓடுனப்பவே தெரியும்." பாவாடையை நாலாக மடித்து நெஞ்சோடு வைத்துத் தேய்த்தாள். குரலில் கோபமே இல்லை.

"அப்புறம் ஏன்த்தா எடுத்துப் படிக்கல? வஞ்சிருக்கலாம்ல, பிடுங்கியிருக்கலாம்ல?"

"பிடுங்கிப் படிச்சு, பாஸாகி, நீங்க மனசு கோணிட்டா எம்பிள்ளைய யாருகிட்ட மதினி விட்டுட்டுப் போவேன்?"

  பிள்ளையைப் பிடியாக வைத்து அவளை நான் மிரட்டியதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மிரட்ட வேண்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

தை மாசம் மறுபடி எழுதினாள். இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் லீவு தரவில்லை. நைட் முடித்துவிட்டு நேரே மாட்டுத்தாவணிக்குப் போய் பஸ் ஏறினாள். பாஸாகிவிட்டாள். ஆனால் ஸ்ரீலட்சுமியும் மற்றவர்களும் கார்த்திகையிலேயே போயிருந்தார்கள். ஒன்பதாவது இடத்துக்குக் கேரளாவிலிருந்து யாரையோ எடுத்துவிட்டார்கள். இவளுக்குக் கிடைத்தது வேறு ஊரில், வயசானவர்களைப் பார்த்துக்கொள்கிற இடம். தமிழ் பேச அங்கே ஆள் இல்லை என்று ஏஜென்சியில் சொன்னார்களாம். "பரவால்ல, இங்கிலீசு பழகிக்கிருவேன்" என்றாள். ஸ்ரீலட்சுமி போனில் எட்டுப் பேரும் ஒன்றாகச் சமைக்கிற படத்தை அனுப்பினாள். பாண்டிமீனா அதை எனக்கும் காட்டினாள். நான் கண்ணாடி எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

வைகாசியில் கிளம்பினாள். விமான நிலையத்துக்கு மேலூரிலிருந்து அவள் ஆத்தா, சித்தி, சொந்தம் என்று ஒரு வேன் நிறைய வந்திருந்தது. சத்யப்ரியா என் இடுப்பில் இருந்தாள். பெட்டியைத் தள்ளுவதற்கு முன்னால் பாண்டிமீனா என் காலில் விழுந்தாள். எழுந்து, அத்தனை பேரும் கேட்கும்படி, "மதினி இல்லாட்டி நான் இந்தப் பரீட்சையே எழுதியிருக்க மாட்டேன்" என்றாள்.

அவள் ஆத்தா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நாத்தனாருன்னா இப்படில்ல அமையணும். எம்மக குடுத்து வச்சவ."

"அப்படிச் சொல்லாதீக அத்தை" என்றேன். "நாந்தான் அவள ஏழு மாசம் நிறுத்தி வச்சவ. நான் பண்ணுன காரியத்தாலதான் இன்னைக்குத் தனியாப் போறா."

"பாரு, பிள்ளை போற துக்கத்துல என்ன பேசுறோம்னே தெரியல" என்று சித்தி முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். தம்பி, "அக்கா, சும்மா இரு, சிரிச்ச முகமா அனுப்பு" என்றான். பாண்டிமீனா என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள், வேண்டாம் என்கிற மாதிரி. பிறகு கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டாள்.

மேலூர்ச் சனம் இப்போதும் என்னை எங்கே பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடுகிறது. போன வாரம் அவள் ஆத்தா எனக்கென்று ஒரு படி புது எள் கொடுத்தனுப்பியிருந்தாள். திருப்பி அனுப்ப முடியவில்லை, தின்னவும் முடியவில்லை. வாயால் சொன்னபோது யாரும் காதில் வாங்காததால் எழுதுகிறேன். அவர்களில் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: அன்றைக்கு விமான நிலையத்தில் பாண்டிமீனா சொன்னது அவளுடைய குணம். நடந்தது இதுதான்.