தும்மலுக்குப் பறந்தவன்

கதாநாயகன் தும்முவான், காத்தாடி பறப்பான். அவன் பிழைப்பை இதைவிடச் சுருக்கிச் சொல்ல முடியாது. இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை நாலு பேர் பிடித்து இழுக்க, பேருந்துக்கு மேலே பறந்துபோய் அந்தப் பக்கம் விழ வேண்டும். அந்தக் கயிற்றால் வந்த பெயர்தான் காத்தாடி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளம் கொடுக்கிறவருக்கே மறந்துபோயிருந்தது.

இந்த மாதிரிப் படங்களை ஊரே கிண்டல் செய்யும். கிண்டல் செய்துகொண்டே இரண்டாவது தடவையும் பார்க்கும். சின்ன வயதில் காத்தாடியும் அப்படித்தான், கதாநாயகன் விட்ட ஒரே அறையில் பத்துப் பேர் பறப்பதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தவன். வீட்டில் அப்பாவின் பெல்ட் நிஜமாகவே வலித்தது. திரையில் யாருக்கும் வலிக்கவில்லை. சுவரை உடைத்துக்கொண்டு போனவன் அடுத்த காட்சியில் கசங்காத சட்டையோடு வந்து நிற்பான். வலிக்காத அடி என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதே என்ற ஆசைதான் அவனை இந்தத் தொழிலுக்கு இழுத்துவந்தது. பாவி, அதை முழுசாக நம்பிவிட்டான்.

விழுந்த கையோடு கட்டைவிரலைத் தூக்கிக் காட்ட வேண்டும், அது தொழிலில் முதல் பாடம். விரல் எழுந்தால் ஆள் நலம். எழாவிட்டால் எல்லாரும் ஓடிவருவார்கள். விழக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே சண்டை மாஸ்டர் இதைத்தான் பழக்குவார். காத்தாடிக்கு அது கண் இமைப்பது மாதிரி ஆகிப்போனது. குளியலறையில் வழுக்கி விழுந்தபோதுகூட விரலைத் தூக்கினான் என்று அவன் மனைவி தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அன்றைக்குக் கயிற்றை இழுத்தவர்கள் கொஞ்சம் வேகமாக இழுத்துவிட்டார்கள். மெத்தையைத் தாண்டி சிமெண்டுத் தரையில் முதுகு அடிபட விழுந்தான். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. வலி வந்து சேர்வதற்குள் விரல் எழுந்துவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் கண் விழித்தது ஆஸ்பத்திரியில்தான்.

முதுகெலும்பில் உடனே அறுவைசிகிச்சை செய்தால் நடக்கலாம் என்றார் டாக்டர். செலவுக்குப் படக் கம்பெனி கையை விரித்தது. விரலைத் தூக்கியவனுக்கு எப்படி அடிபட்டிருக்கும், வேறெங்கேயோ போய் விழுந்திருக்கிறான் என்றார்கள். மாஸ்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவரோ, "நான் விரலைத்தான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டார். அலைந்து திரிந்ததிலேயே நாள் கடந்துபோனது. இனிமேல் செய்து பிரயோஜனமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

"அந்த ஆளு நல்லாயிருப்பானா?" என்று மனைவி கொதித்தாள்.

"அவரைத் திட்டாதே. எனக்குத் தொழில் கத்துக்கொடுத்தவரு. பாத்திருந்தா விட்டிருப்பாரா? நான்தான் விரலைத் தூக்கித் தொலைச்சேன்."

கால்கள் போன பிறகு அவனுக்கு மிச்சமிருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான்.

படம் வெளியானதும் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தான். மனைவி பகல் காட்சிக்குக் கூட்டிப்போனாள். சக்கர நாற்காலியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு, இரண்டு பேர் அவனைத் தூக்கி ஓரத்து இருக்கையில் உட்கார வைத்தார்கள். தும்மல் காட்சியில் கொட்டகையே அதிர்ந்தது. அவனும் சிரித்தான்.

படம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. பெயர்கள் ஓடும்போது படப்பிடிப்பில் நடந்த சொதப்பல்களைக் காட்டுவார்கள். அதற்கென்றே காத்திருக்கும் கூட்டம். திரையில் காத்தாடி மறுபடி விழுந்தான். விரல் எழுந்தது. கேமரா நிற்கவில்லை. மாஸ்டர் ஓடிவந்து குனிந்தார். கோணலாக மடங்கிக் கிடந்த காலைத் தூக்கினார். அது ஈரத்துணி மாதிரி தொப்பென்று விழுந்தது. அவர் முகம் வெளுத்தது.

"ஓகேவா மாஸ்டர்?" என்று யாரோ கேட்டார்கள்.

மாஸ்டர் ஒரு நொடி யோசித்தார். பிறகு தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

விசில் பறந்தது. படத்தை வெட்டி ஒட்டியவருக்கு என்ன தெரியும்? சிரிப்பு வந்திருக்கும், சேர்த்துவிட்டார்.

"பாத்திருக்காரேங்க," என்றாள் மனைவி. "உங்க காலைத் தூக்கியே பாத்திருக்காரே."

அப்பாவின் பெல்ட்டுக்குக்கூட காத்தாடிக்கு இப்படி வலித்ததில்லை.

விளக்குகள் எரிந்தன. பக்கத்து இருக்கைக்காரர் அவனை உற்றுப் பார்த்தார். "அண்ணே, அது நீங்கதானே? அடிகிடி ஒண்ணும் படலையே?"

காத்தாடியின் விரல் தானாக எழுந்தது. மனைவி அதைப் பிடித்து மடக்கித் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டாள்.

"பட்டுச்சுங்க," என்றாள். "எந்திரிக்கவே முடியாதபடி பட்டுச்சு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே காத்தாடியைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, வெளியே போனார்.