பருந்துத் தலைச் சாமிக்குப் படைத்த ரொட்டி

எழுபதுகளில் வந்த அந்தப் பஞ்சத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் முதலில் வரும், அழுகை அப்புறம்தான். இலங்கை மலைநாட்டில், ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எங்களுக்குக் கூலி வேலை. வேலையைக் குறைத்தார்கள், கூப்பனுக்குக் கொடுக்கிற ரேஷன் மாவையும் குறைத்தார்கள். அம்மா சுடுகிற ரொட்டி நாளுக்கு நாள் சிறுத்தது. அதையும் எனக்கும் தங்கச்சிக்கும் பிய்த்துக் கொடுத்துவிட்டு, "நான் மலையிலயே சாப்பிட்டேன்" என்பாள். மலையில் என்ன, தேயிலையையா மென்றாள்? பொய்! அவளுக்குப் பால் வற்றிவிட்டது. கைப்பிள்ளையான தம்பி உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டுக் கத்துவான். பிறகு கத்தவும் தெம்பில்லாமல் போனான். அவள் சாப்பிடாவிட்டால் அவன் செத்துப்போவான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. சொன்னால் கேட்டால்தானே!

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் சரித்திரப் பாடத்தில் எகிப்து வந்தது. புத்தகத்தில் அவர்களுடைய சூரியச் சாமியின் படம் இருந்தது: ஆள் உடம்பு, பருந்துத் தலை, உச்சியில் சூரிய வட்டம், அதைச் சுற்றி ஒரு பாம்பு. ரா என்று பெயர். பகலெல்லாம் படகில் வானத்தைக் கடப்பாராம், இரவில் பாதாளத்துக்குள் போய் விடிந்ததும் திரும்பி வருவாராம். அவருக்குத் தினமும் ரொட்டி படைப்பார்கள், சாமி சாப்பிட்டு முடித்ததும் பூசாரிகள் அதைச் சாப்பிடுவார்கள் என்றார் டீச்சர். எனக்குப் பொறி தட்டியது. பிரசாதத்தை அம்மா வேண்டாம் என்று சொல்லவே மாட்டாள்.

அன்று சாயங்காலம் தோட்டத்து லயத்தில் எங்களுக்கு இருந்த ஒற்றை அறை, அந்தக் காம்பராச் சுவரில் அடுப்புக் கரியால் அந்தச் சாமியை வரைந்தேன். காலையில் அம்மா எனக்கு வைத்துவிட்டுப் போன ரொட்டியைத் தின்னாமல் வைத்திருந்தேன். அதை அவர் முன்னால் வைத்துக் கும்பிட்டேன். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த அம்மா சுவரைப் பார்த்தாள்.

"இது என்னடி, கோழியா?"

"சூரிய பகவான்மா. படைச்சிட்டேன். பிரசாதம், வேணாம்னு சொல்லாத."

கையை ஏந்தி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

"பிரசாதத்தத் தனியாத் திங்கக் கூடாது புள்ள. தங்கச்சியயும் கூப்பிடு."

பிய்த்தாள். பெரிய துண்டு எனக்கு, மற்றது தங்கச்சிக்கு. ஒரு துணுக்கைத் தண்ணீரில் கரைத்துத் தம்பியின் நாக்கில் தடவினாள். விரலில் ஒட்டியிருந்ததை மட்டும் நக்கிக்கொண்டாள். அவள்மேல் எனக்கு வந்த ஆத்திரம்! ஆனாலும் நீட்டிய துண்டை வாங்கித் தின்றேன். பசி.

மறுநாளும் படைத்தேன். விரலில் ஒட்டுகிறதாவது அவள் வயிற்றுக்குப் போகட்டும்.