காலையில் அலாரத்தைக் கத்தவிடுவது

எனக்கு எவர் மேலும் லேசில் நம்பிக்கை வராது. மெஷின் மேல் வரவே வராது. மானாம்பதி ரோட்டில் பைக் சறுக்கி விழுந்து வீட்டுக்காரருக்குக் கழுத்து போனதிலிருந்து, அவருக்கு மூச்சு கொடுப்பது கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் வென்டிலேட்டர்தான். தொண்டையில் மாட்டிய குழாய் கழன்றால் அது கத்த வேண்டும். கத்தாவிட்டால், நான் அடுப்படியில் இருக்கும்போதே எல்லாம் முடிந்துவிடும். அவரால் கூப்பிட முடியாது.

அதனால் தினமும் காலையில் வேண்டுமென்றே அதைக் கத்தவிட்டுப் பார்ப்பேன். ஒற்றை ஆளாகச் செய்ய முடியாத வேலை. நான் குழாயைக் கழற்றியதும் என் ஓரகத்தி, கொழுந்தனார் மனைவி, வீட்டுக்காரர் தொண்டையில் ரப்பர் பையை மாட்டி அழுத்தி அழுத்தி மூச்சு கொடுப்பாள். அவள் மேலும் எனக்குச் சந்தேகம்தான். அவளுடைய கைக்குழந்தை அந்தச் சத்தத்தில் வீறிட்டு எழுந்துவிடும். "கொஞ்சம் கம்மியா வச்சிக்க முடியாதாக்கா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவள் மெஷின் பக்கம் போனாலே என் கண்ணும் கூடவே போகும்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் குழாயைக் கழற்றினேன். போர்வைக்குள் யாரோ முனகுவதுபோல் கேட்டது அலாரம். திரையில் பார்த்தால் சத்தம் முழுசாகத்தான் வைத்திருந்தது. கரண்ட் போனாலும் கத்த வேண்டுமே என்று பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து மாட்டினேன். அதற்கும் அதே முனகல். வாடகைக்குக் கொடுத்தவன் பழசைத் தலையில் கட்டிவிட்டானா? இல்லை, இவள்தான். முடிவே கட்டிவிட்டேன்.

"இன்னாடி பண்ண மெஷின?"

"நான் ஒண்ணும் பண்ணலக்கா."

"பொய் சொல்லாத. நேத்து நான் பொரி கடல வாங்கப் போனப்ப நீதான வூட்ல இருந்த? உன் புள்ள தூங்கணும்னு என் புருஷன சாவடிக்கப் பாக்குறியா?"

அவள் முகம் செத்துப்போனது. கட்டிலில் அவர் கண்ணை உருட்டி உருட்டி மெஷினையே காட்டினார். சுவரோரம் இருந்த அதைத் திருப்பினேன். பின்பக்கம், சத்தம் வரும் பொடி ஓட்டைகளின் மேல் சந்தனம் அப்பிக் காய்ந்திருந்தது. நடுவில் குங்குமம்.

"பூஜைக்கு வச்சேங்க்கா. முன்னாடி பூரா பட்டனா கீது, கை பட்டா நீ சந்தேகப்படுவ. அதான் பின்னாடி வச்சேன். அந்த ஓட்டதான் அதுக்கு வாயின்னு நெனச்சேன். மாமாவுக்காகக் கத்துற வாயாச்சேன்னு…"

சொல்லும்போதும் அவள் கை பையை அழுத்திக்கொண்டேதான் இருந்தது. நான் கத்திய நேரம் முழுக்க அவர் நெஞ்சு ஏறி இறங்கியது அந்தக் கையால்தான். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அலாரத்தை நிறுத்தி, ஈரத் துணியால் சந்தனத்தைத் துடைத்தேன். தாலிச் சரட்டில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து ஒவ்வொரு ஓட்டையாக நோண்டினேன். மறுபடி கத்தவிட்டேன். காது கிழிந்தது. உள்ளறையில் குழந்தை வீறிட்டது.

"போய்ப் புள்ளயப் பாரு" என்றேன்.

"அழட்டும்க்கா. நீ மொதல்ல குழாய மாட்டு" என்றாள்.