ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள்

மகள் ஜரினா அடுத்த வாரம் புனேயில் கல்லூரி ஹாஸ்டலில் சேர்கிறாள். தகரப் பெட்டி, பூட்டு, இருபது இன்லேண்ட் லெட்டர் எல்லாம் வாங்கியாயிற்று. வாளிதான் பாக்கி. இன்று மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போனேன்.

கடையில் ஒரு மாமியும் ஹாஸ்டலில் சேரப்போகும் தன் மகனுக்காக வாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபது பசங்களுக்கு ரெண்டே பாத்ரூமாம். எம் பிள்ளை எப்படித்தான் சமாளிக்கப் போறானோ!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எம் மவளுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்ல மாமி. தாராவியில எங்க சந்துல நாப்பது வீட்டுக்கு ஒரே குழாய். விடியுமுன்ன குடத்த லைன்ல வச்சுட்டு, பக்கத்துலயே உக்காந்து படிச்சு பாஸானவ."

பெருமையோடு வீடு திரும்பினால், ஹாஸ்டலிலிருந்து வந்த தபாலை ஜரினா படித்துச் சொன்னாள். ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள்தானாம்.

"உம்மா, ரெண்டு பக்கமும் யாருமே இல்லாம நான் எப்பிடித் தூங்குவேன்?"

ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீடு. பிறந்ததிலிருந்து என் கைக்கெட்டும் தூரத்தில்தான் படுத்திருக்கிறாள்.

"படிக்கப் போறதுன்னு முடிவாயிட்டு. இதையும் பழகிருவோம்" என்றேன்.

அவள் வாப்பா தன் தொழிலுக்காகப் பரணில் அடுக்கியிருந்த தோல் மூட்டைகளை இறக்கினார். நான் துடைத்துப் பாய் விரித்தேன். இன்று முதல் அவள் மேலே தனியாகப் படுக்க வேண்டும். ஏழு நாள் பயிற்சி.

கீழே, என் பக்கத்தில் காலியாகிற இடத்துக்கு எனக்கு யார் பயிற்சி தருவார்கள்? பிள்ளையை ஹாஸ்டலுக்கு அனுப்பியவர்கள் சொல்லுங்கள்.