நிறுவனர் கட்டத்தில் அப்பா

ஆடிப்பெருக்குக்குப் புதுவருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்டு முடித்த கையோடு எங்கள் அச்சகத்தில் கம்ப்யூட்டர்களுக்குப் புதுச் சாஃப்ட்வேர் ஏற்றினார்கள். பக்கம் கட்டுகிற சாஃப்ட்வேரின் அடுத்த பதிப்பு. ஆர்டர் குவிகிற நேரத்தில் இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்பாரில்லை. அச்சகக்காரர் நல்ல மனிதர்தான். ஆனால் புதிது என்று எவராவது எதையாவது காட்டிவிட்டால் அன்றைக்கே அது அவரிடம் இருந்தாக வேண்டும். நான் அங்கே டி.டி.பி. ஆபரேட்டர். சிவகாசியில் என் வயதுப் பெண்கள் பாதிப் பேர் அப்போது இந்த வேலையில்தான் இருந்தோம்.

மறுநாள் காலையில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் காலண்டரைத் திறந்தேன். போன வருஷத்து ஃபைலை எடுத்துத் தேதியை மாற்றிக் கொடுத்தால் முடிகிற வேலை. திறந்தால் படங்கள் இருந்த இடமெல்லாம் வெறும் சாம்பல் கட்டம். முருகனைக் காணோம், கம்பெனி கட்டடத்தைக் காணோம், மேலே நீள்வட்டத்துக்குள் இருக்க வேண்டிய, காலமாகிவிட்ட நிறுவனர் ஐயாவையும் காணோம். அது வேறு யாருடைய கம்பெனியாக இருந்தாலும் எனக்கு இத்தனை பதற்றம் வந்திருக்காது. என் அப்பா தினமும் பட்டாசுக்கு மருந்து அடைக்கப் போவது அந்தக் கம்பெனிக்குத்தான்.

படத்தை மறுபடி உள்ளே கொண்டுவரப் பார்த்தால், இந்த மாதிரிப் படத்தைச் சேர்க்க வழியில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது. படம் கெட்டுப்போய்விட்டதோ என்று படம் திருத்துகிற சாஃப்ட்வேரில் திறந்தேன். ஜம்மென்று திறந்தது. ஃபோல்டர் பெயர் நீளமோ என்று சுருக்கினேன். இடம் மாற்றி வைத்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். எதற்கும் அது மசியவில்லை. சாஃப்ட்வேர் ஏற்றியவருக்குப் போன் போட்டால், மதுரையில் இருக்கிறேன், சாயங்காலம் பார்ப்போம் என்றார். ஏற்றும்போது மட்டும் ஓடோடி வந்தவர்.

கோளாறு சாஃப்ட்வேரிலா படங்களிலா என்று தெரிய வேண்டுமென்றால், சம்பந்தமில்லாத வேறு படம் ஒன்றை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். கைக்கு எட்டினாற்போல் இருந்தது அப்பாவின் படம். அடையாள அட்டைக்காக எல்லாத் தொழிலாளர்களிடமும் கம்பெனியில் போட்டோ கேட்டிருந்தார்கள். பிரதி எடுப்பதற்காக முந்தின வாரம்தான் அதை ஸ்கேன் செய்து வைத்திருந்தேன். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, நெற்றி நிறைய திருநீறு. நிறுவனர் கட்டத்தில் அதை விட்டேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அப்பா வந்து உட்கார்ந்துகொண்டார். பொருத்தமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துச் சிரித்துக்கொண்டேன்.

ஆக, கோளாறு பழைய படங்களில். இடத்தை அடைக்காமல் இருக்க அவற்றையெல்லாம் சுருக்கிச் சேமித்து வைத்திருந்தோம். அந்தச் சுருக்கல் புதுப் பதிப்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றையும் திறந்து, சுருக்காமல் சேமித்து, உள்ளே விட்டேன். முருகன் வந்தார். கட்டடம் வந்தது. எந்தெந்தக் கட்டத்தில் படம் இல்லை என்று சாஃப்ட்வேரே வரிசையாகக் காட்டும். அதைப் பார்த்துப் பார்த்தே சரிசெய்துகொண்டு போனேன். நிறுவனர் கட்டம் காலியாக இருந்திருந்தால் அதையும் காட்டியிருக்கும். அங்கேதான் ஆள் இருக்கிறாரே. என் கண்ணுக்கும் உறுத்தவில்லை. விடிந்து எழுந்தால் பார்க்கிற முகம் அது. ஒப்புதலுக்கு ஒரு புரூப் தாள் எடுத்து, உறையில் போட்டு, கம்பெனி முதலாளி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கோளாறை நானே கண்டுபிடித்துவிட்டேன் என்று அச்சகம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன்.

அந்த வீட்டில் காலண்டர் புரூப் நேரே கையெழுத்துக்குப் போகாது. முதலில் பூஜையறைக்குப் போகும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, நிறுவனர் ஐயாவின் நெற்றியில் சந்தனம் வைத்து, சூடம் காட்டி, வீடே கும்பிட்ட பிறகுதான் ஐயாவின் மகன், இப்போதைய முதலாளி, கையெழுத்துப் போடுவார். சந்தனம் வைக்கிறவர் ஐயாவின் மனைவி. கம்பெனியில் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. அவருக்குக் கண்ணில் புரை விழுந்து ஆபரேஷனுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த சமயம் அது. தாளைத் தடவி, நீள்வட்டத்தைக் கண்டுபிடித்து, தன் புருஷன் என்று நினைத்து என் அப்பாவின் நெற்றியில் சந்தனம் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறார். மகனும் மருமகளும் பின்னால் கைகூப்பி நின்றிருக்கிறார்கள். அப்புறம் மகன் கையெழுத்துப் போடத் தாளை எடுத்தபோதுதான் முகத்தைக் கவனித்திருக்கிறார்.

போன் வந்ததும் அச்சகக்காரர் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு கம்பெனி ஆபீசுக்குப் போனார். ஆபீசில் எனக்கு முன்பே அப்பா நின்றுகொண்டிருந்தார். வேலையில் இருந்தவரை அப்படியே கூட்டி வந்திருக்கிறார்கள், கையெல்லாம் அலுமினியப் பொடி மினுங்கியது. மேஜையில் புரூப் கிடந்தது. அதிலிருந்த அப்பாவின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. உயிரோடு இருக்கிற மனிதரை அப்படிப் பார்க்கக் கூடாது என்று தாளிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டேன்.

நான் வாய் திறந்து, தப்பு என்னுடையது, சாஃப்ட்வேர் மாற்றியதில் படங்கள் உள்ளே போகவில்லை, சுருக்கி வைத்திருந்ததால் இப்படி ஆகிவிட்டது என்று என்னென்னவோ சொன்னேன். பூஜையறையில் நடந்ததற்கு நான் கம்ப்யூட்டர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது. அதற்குள் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“மொதலாளி, தெரியாமச் செஞ்சிருச்சு எம் புள்ள. அதுக்காக என்னைய வேலையை விட்டு எடுத்துறாதீக. இந்த வயசுல எனக்கு வேற தொழில் தெரியாது” என்றார்.

முதலாளி கோபப்படவே இல்லை. கோபப்படுவதற்கும் எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டுமல்லவா, அவரால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போய் வேலையைப் பாருங்கள், இதை வெளியே பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தாளைக் கவிழ்த்து வைத்தார். கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். சந்தனம் வைத்துக் கும்பிட்ட தாளை எப்படிக் கிழிப்பது? அந்த வீட்டில் அதை வைத்திருக்கவும் முடியாது. பழைய சாமி படங்களை விடுவதுபோல ஆனைக்குட்டம் அணையில் கொண்டுபோய் விட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் ஊர் குடிக்கிற தண்ணீர் அது.

வேலை போகவில்லை. வெளியே தெரியாமலும் இல்லை. மறுநாளே அப்பா உள்ளே நுழைந்தால், சாமி வருது, எல்லாரும் எந்திரிங்கப்பா என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பெரியம்மாவையும் அப்பாவையும் சேர்த்துச் சிலர் பேசியதை நான் இங்கே எழுத மாட்டேன். அதுவரை பஸ்ஸில் சத்தமாகக் கதை பேசிக்கொண்டு போகிற மனிதர், அதற்குப் பிறகு கடைசி சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார். ஏன் இப்படிச் செய்தாய் என்று என்னை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. அவர் கேட்காத ஒவ்வொரு நாளும் நான் கூனிக் குறுகினேன்.

தீபாவளிக்கு முன்னால் கம்பெனியில் எல்லோருக்கும் வேட்டி சேலை கொடுப்பார்கள். பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையாலேயே கொடுப்பார். தொழிலாளர்கள் வரிசையில் வந்து குனிந்து வாங்கிக்கொண்டு நகர வேண்டும். அன்று அப்பா வேட்டியோடு வீட்டுக்கு வந்து, அதை ஒரு மூலையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்று கை காட்டினார். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களோ என்று எனக்குத் திக்கென்றது. பக்கத்தில் போய் உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்.

“எம் பேரைக் கூப்புட்டு நான் போயி நின்னதும் பெரியம்மா எந்திரிச்சுட்டாக ஆத்தா. அம்புட்டுப் பேரு முன்னாடி, நின்னுக்கிட்டே குடுக்காக. எனக்குக் கையைக் காலை வெட்டிப் போட்ட மாதிரி ஆயிருச்சு.”

ஒரு தரம் கும்பிட்ட முகத்துக்கு உட்கார்ந்தபடி கொடுக்க அந்த அம்மாவுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லையாம். அதைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு அதை நானும் அவமானமாகவே எடுத்துக்கொண்டேன். என்னால் எங்கள் அப்பாவுக்கு இதுவும் நடந்ததே என்று அழுதேன்.

அடுத்த தீபாவளிக்கு அப்பா, தனக்குக் காய்ச்சல், நீ போய் வாங்கி வந்துவிடு என்றார். உடம்பு தொட்டால் குளுகுளுவென்று இருந்தது. நான் போய் வரிசையில் நின்றேன். பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கெட்டியான கண்ணாடி போட்டிருந்தார். யார் மகள் என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். எழுந்துவிடுவாரோ என்று நாற்காலியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். உட்கார்ந்தபடியே வேட்டியை என் கையில் வைத்தார்.

வீட்டுக்குள் கால் வைப்பதற்குள் அப்பா கேட்டார்: “உக்காந்துதான குடுத்தாக?”

ஆமாம் என்றேன். அப்பா வேட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சோறு போடச் சொன்னார். நானும் நிம்மதியாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். படம் மாறிப்போனதைக்கூட இப்போது சிரித்துக்கொண்டே சொல்ல முடிகிறது. பெரியம்மா எழுந்திருக்கவில்லை என்பதற்காக அன்றைக்கு நாங்கள் இருவரும் நிம்மதியாகச் சாப்பிட்ட அந்தச் சாப்பாட்டை நினைத்தால்தான் உடம்பெல்லாம் கூசுகிறது.