நோலீனின் கிங்ஸ்வுட்

கூரையில்தான் ஆரம்பிப்பார். பிறகு கண்ணாடி, பானெட், விளக்குகள். சக்கரம் கடைசி. எலிசபெத் ஊரின் அந்தத் தெரு ஞாயிற்றுக்கிழமைகளில் கண் விழிப்பதே நோலீன் தன் ஹோல்டன் கிங்ஸ்வுட்டைக் கழுவும் வாளிச் சத்தத்தில்தான். தண்ணீர்க் கட்டுப்பாடு வந்த வருடம் தான் குளிப்பதைக் குறைத்துக்கொண்டாரே தவிர, கார் குளிப்பதைக் குறைக்கவில்லை.

மணல் நிறம். எழுபத்தொன்றாம் வருடத்து மாடல். அப்போது நோலீன் ஊரிலிருந்த ஹோல்டன் கார்த் தொழிற்சாலையில் சீட் தைத்துக்கொண்டிருந்தார். "இந்தத் தையல் என்னுதாக்கூட இருக்கும், யாரு கண்டா?" என்று முன்சீட்டைத் தட்டிக் காட்டுவார். ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு நின்ற கார் அது. முன்னால் மூன்று பேர், பின்னால் பிள்ளைகள், பிள்ளைகள் மடியில் நாய் என்று கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். அதே கம்பெனியின் புது மாடல் காமடோர் வந்து கிங்ஸ்வுட்டை ஓரங்கட்டியது. பிறகு தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். நோலீன் அதைப் பற்றிப் பேசமாட்டார். அந்த வாசல் வழியாக வண்டியை விடவும் மாட்டார், சுற்றிக்கொண்டுதான் போவார்.

எதிர்வீட்டு டெஸ், ஃபோர்டு ஃபால்கன் கட்சி. அக்டோபர் மாதத்துப் பெரிய கார்ப் பந்தயத்தில் எந்தக் கட்சி தோற்கிறதோ, அந்தக் கட்சிக்காரர் மற்றவர் காரைக் கழுவ வேண்டும் என்று இருவருக்கும் பல வருட ஒப்பந்தம். நோலீன் தோற்ற வருடங்களில் மட்டும் சொல்லிவைத்தாற்போல் இடுப்பு பிடித்துக்கொள்ளும். "ஃபோர்டுல கை பட்டா எனக்கு சொறி வரும்யா." "உன் தகர டப்பாவைத் தொட்டா எனக்குத் துரு ஏறும், போ" என்பார் டெஸ்.

போன குளிர்காலத்தில் கண் மருத்துவர், இனி வண்டி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். நோலீன் இடிந்துபோனார். கணவர் கிளிஃப் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். மனைவி பெயர்கூட மறந்துவிட்டது. ஆனால் கிங்ஸ்வுட் இன்ஜின் சத்தம் கேட்டால் எழுந்து ஜன்னலுக்கு வந்துவிடுவார். நோலீன் டாக்சியில் போன அன்று அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். திரும்பி வந்த நோலீன் வீட்டுக்குள் போகாமல் கிங்ஸ்வுட்டில் உட்கார்ந்து அழுததை டெஸ் பார்த்துவிட்டார்.

மறுநாள் காலை டெஸ் தோட்டக் கையுறை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"சாவியக் குடு, நோலீன்."

"கையில என்னய்யா கருமம் அது?"

"ஹோல்டன் ஸ்டியரிங்கை வெறுங்கையால தொட்டேன்னா எங்கப்பன் கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்துருவான்."

"கியரை மெதுவாப் போடு. உன் ஃபோர்டுன்னு நெனச்சு உலுக்காத." தன் காரில் முதல்முறையாக இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறினார் நோலீன்.

கிளிஃப் ஜன்னலுக்கு வந்தார். கையை ஆட்டினார். டெஸ் ஒரு கையுறையைக் கழற்றிவிட்டுப் பதிலுக்கு ஆட்டினார். அதற்கப்புறம் அந்தக் கையுறைகளை யாரும் பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூரை, கண்ணாடி, பானெட், விளக்குகள், சக்கரம் எல்லாம் ஆயிற்று. பந்தயத்துக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. நோலீன் வாளியில் புதுத் தண்ணீர் பிடித்து, சோப்பு கலக்கி, இரண்டு பக்கமும் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத் தெருவைத் தாண்டினார். ஃபால்கனின் கூரையைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஆரம்பித்தார்.